நாற்று நட்ட கை

மன்னார்குடி பஸ்ஸில் என் முன் சீட்டில் இருந்த அம்மா, பக்கத்தில் இருந்தவரிடம், "என் கையத் திருடிட்டியேடா" என்றார். அவர் தம்பி என்பதும், இன்ஜினியரிங் கல்லூரிப் பேராசிரியர் என்பதும் அடுத்தடுத்த வசவுகளில் தெரிந்தன.

"படம் புடிக்கணும், நட்டுக் காட்டுன்ன. தம்பி ஆராய்ச்சியாச்சேன்னு நானும் நாள் முச்சூடும் சேத்துல நின்னு நட்டுக் காட்டுனேன்."

"விரல் போற பாதையத்தான் எடுத்தேன்க்கா. அதே பாதையில போற மாதிரி நாலு கம்பிய இணைச்சா, மெஷினே நாத்து நடும்."

"நடுதுல்ல! கூலி கூட்டிக் கேட்டு நாங்க வயல்ல எறங்கல. பண்ணையாரு உன் மெஷினக் கொண்டாந்து எறக்கிட்டாரு. ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளரு தோள்ல துண்டோட வந்து ரிப்பன் வெட்டுறாரு. என் கைய வச்சே என் வயித்துல அடிக்கிறீங்களாடா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. தம்பி குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, என் பாடமே அசைவுதான். கை எப்படிப் போகுதுன்னு மட்டும் பார்ப்போம். அத எது தள்ளுதுன்னு கணக்குல எடுக்க மாட்டோம்."

"எடுக்க மாட்டியா? பசிடா தள்ளுச்சு! உன்னப் படிக்க வச்சப்ப, உன் பசியும் சேர்ந்துதாண்டா தள்ளுச்சு!"