தொட்டிக்குள் மூன்றாவது சரணம்

— பாட மாட்டேன்னா தொட்டி மூடி பக்கத்துல எதுக்கு உட்கார்ந்திருக்கே மருமகளே? அது பாடறவங்க இடம்.

— கயிறு பிடிக்க உட்கார்ந்திருக்கேன். அப்பா கூப்பிட்டாரு, வந்தேன். பாடித்தான் ஆகணும்னா சொல்லு மாமா, இப்பவே வீட்டுக்குக் கிளம்பறேன்.

— கயிறு பிடிக்க நான் போதும். இத்தனை சோறு தின்னு வளத்த உடம்பு வேற எதுக்கு? உன்னைக் கூட்டிட்டு வந்தது தொண்டைக்காக. உள்ளே இறங்கினவர் ஒரு வரி பாடுவாரு, மேலே இருக்கறவங்க பதில் வரி பாடணும். கீழே பாட்டு நின்னா ஆளை இழுக்கணும். மேலே பாட்டு நின்னா, நாம டீ குடிக்கப் போயிட்டோம்னு அவருக்குத் தெரிஞ்சுடும். தொட்டி கழுவறவன் எல்லாம் விசில் ஊதறான், கயித்தை ஆட்டறான். உங்கப்பா மட்டும்தான் இதுக்குன்னு சொந்தமா ஒரு பாட்டுக் கட்டி வச்சிருக்காரு.

— இப்பத்தான் நீ மீட்டர் வாங்கிக் குடுத்துட்டியே. கெட்ட காத்துன்னா அது கத்தும்.

— கத்தும். இடுப்புல மாட்டிவிட்டேன். அதைக் கோழிக்குஞ்சுன்னு கிண்டல் பண்ணிட்டே இறங்கினாரு மனுஷன்.

— மாப்ளே, மேலே இருக்கியா?

— இருக்கேன் மச்சான். எங்க போகப் போறேன்?

— உள்ளே காத்து ஊதற அந்தக் காத்து மெஷினை நிறுத்து. அது போடற இரைச்சல்ல நீங்க பேசறது ஒண்ணும் கேக்கலை.

— ஓடட்டுமே மச்சான். ரெண்டு வருஷமா மூடிக் கிடந்த சோப்புக் கம்பெனி. தொட்டி முழுக்கத் துருவும் சேறும். புது முதலாளிக்கு அவசரம்னா நமக்கும் அவசரமா?

— காலையிலேர்ந்து ஓடுது, போதும். பதில் கேக்கலைன்னா எனக்கு வேலை ஓடாது.

— சரி விடுங்க. நிறுத்தறேன்.

— ஸ்தோத்திரம். இப்ப உன் மூச்சு கூடக் கேக்குது. கண்ணு, ஆரம்பிக்கட்டுமா?

— அப்பா, நான் பாடலை. மாமா ஸ்பேனரை எடுத்து மூடியில ரெண்டு தட்டுத் தட்டுவாரு. தட்டினா நாங்க இருக்கோம்னு வச்சுக்கங்க.

— ஆகட்டும்மா. உன் வரிக்கு இடம் விட்டே பாடறேன். மனசு வந்தா பாடு.

— பாத்தியா மாமா, ஆகட்டும்மாவாம். எல்லாத்துக்கும் அதுதான். ஒரு தடவையாவது திட்டினா நிம்மதியா இருக்கும்.

— உஷ். ஆரம்பிச்சுட்டாரு.

— "இருட்டில் இறங்கினேன் ஐயா, விளக்கொன்றும் காணேனே..."

— ம், இப்ப நீ. "அஞ்சாதே பிள்ளாய், அருகில்தான் நானே." உன் வரிதானே, மறந்து போச்சா?

— தட்டு மாமா.

— தட்டிட்டேன், போ. மச்சான், கேட்டுதா?

— கேட்டுது மாப்ளே. உன் தட்டுலயும் தாளம் இல்லை.

— என் தலையெழுத்து. ஆனா மருமகளே, அந்தக் குரலைக் கேட்டியா? சர்ச்சுல உங்கப்பா பாடினா கடைசி பெஞ்சுல எனக்குத் தூக்கம் வரும். அதே குரல் இங்க என்ன ஆகுது பாரு. ஒரு ஆளை இறக்கினோம், ஒரு பாடகர் குழுவே ஏறி வருது. என் கையைப் பாரு, முடியெல்லாம் நிக்குது.

— சுவர் முழுக்க இரும்புத் தகடு மாமா. சத்தம் வெளிய போக வழியில்லாம சுத்திச் சுத்தி வருது. வேற ஒண்ணும் இல்லை.

— போன வருஷம் இதே மாதிரி ஒரு தொட்டிக்கு மேலே உட்கார்ந்து கண்ணு கலங்கினவ நீ. தேவதூதர் பாடற மாதிரி இருக்குன்னு சொன்னே. நான்தான் சிரிச்சேன்.

— இப்ப நான் சிரிக்கறேன்.

— ஒரு காலேஜ் இடம் குடுக்கலைன்னா இவ்வளவா?

— இடம் போனா போகட்டும் மாமா. அது இல்லை விஷயம். எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்கு முன்னாடியே சர்ச்சுல பாட ஆரம்பிச்சவ நான். காய்ச்சலோட பாடியிருக்கேன். எவன் எவன் கல்யாணத்துக்கோ பாடியிருக்கேன். பதிலுக்கு ஒண்ணுமே கேட்டதில்லை. இசைக் கல்லூரியில பாடிக் காட்டற அந்த ஒரே ஒரு நாள், குரலை மட்டும் குடுங்கன்னு முழங்கால் தேயத் தேயக் கேட்டேன். அங்க போய் வாயைத் திறந்தா வெறும் காத்து வருது. எதிர்ல மூணு பேரு, பேனாவை மூடி வச்சுட்டு என்னைப் பாவமாப் பாக்கறாங்க.

— தொண்டை யாருக்குத்தான் கட்டாது?

— மறுநாள் காலையில சரியாயிடுச்சே. அதுதான் தாங்க முடியலை. குளிக்கும்போது தன்னால பாட்டு வருது. அன்னைக்கு வாயை மூடினவதான். மேலே பாத்துப் பாத்துக் கழுத்து வலிச்சதுதான் மிச்சம். மேலே யாரும் இல்லை மாமா. இருந்தா டீ குடிக்கப் போயிருக்காங்க.

— இதையே நான் சொன்னா உங்கம்மா விளக்குமாத்தை எடுப்பா. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் சர்ச்சுக்கு வர்ற ஆளு நான். எனக்கு ஒரு துணை வந்தா நல்லதுன்னு நினைச்சிருக்கேன். நீ வந்து சேருவேன்னு நினைக்கலை. நல்லாவும் இல்லை.

— ஏன்?

— தெரியலை. நீ பாடறப்ப, ஒருவேளை யாராவது இருக்காங்களோன்னு எனக்கே ஒரு சந்தேகம் வரும். அது இருந்துட்டுப் போகட்டுமேன்னுதான். ஞாயித்துக்கிழமை தனிப்பாட்டு உன்னுதுதானே?

— சாயங்காலம் பாடகர் குழுவை நடத்தற அண்ணன் வீட்டுக்குப் போறேன். இந்த வாரம் இல்லை, இனிமே எப்பவும் இல்லைன்னு சொல்லிட்டு வந்துடுவேன்.

— உங்கப்பாவுக்குத் தெரியுமா?

— நேத்தே சொல்லிட்டேன். என்ன சொன்னாருன்னு நீயே சொல்லு.

— ஆகட்டும்மா.

— அதேதான்.

— "சேறும் வழுக்குதே ஐயா, சுவரும்... எட்டாதே..."

— தட்டிட்டேன் மச்சான்.

— மாமா, நடுவுல மூச்சு வாங்கினாரு.

— சேறு அள்ளிக்கிட்டே பாடினா வாங்கத்தான் செய்வாரு. வயசு என்ன குறையுதா?

— அந்த இடத்துல வாங்க மாட்டாரு. சுவரும் எட்டாதேன்னு ஒரே இழுப்பா இழுத்துட்டுத்தான் விடுவாரு. எத்தனை வருஷமாக் கேக்கறேன்.

— மீட்டர் கத்தலையே. கத்தினா இந்தத் தெருவுக்கே கேக்கும். கடையில வச்சுக் காட்டினான், என் காதே அடைச்சுப் போச்சு.

— அடுத்த சரணம் ஏன் இன்னும் வரலை?

— வாளியை ரொப்பிட்டுப் பாடுவாரு. நீ பாடவும் மாட்டே, பாடறவரைச் சும்மா விடவும் மாட்டே. அவசரப்படாதே.

— "கூப்பிடும் முன்னே பிள்ளாய், கேட்டுவிட்டேனே..."

— பாத்தியா குறும்பை? நீ வாயைத் திறக்கலைன்னு உன் வரியை அவரே பாடிட்டாரு. அடேங்கப்பா, இவ்வளவு நாள் இந்தக் குரலை எங்க ஒளிச்சு வச்சிருந்தாரு மனுஷன்?

— மாமா, இழு.

— என்னது?

— அது மூணாவது சரணத்துப் பதில். அதுக்கு முன்னாடி அப்பா வரி ஒண்ணு இருக்கு. "குரலும் அடங்குதே ஐயா, கூப்பிடவும் முடியலே." அதை அவர் பாடவே இல்லை. கேள்வி வரலை, பதில் மட்டும் வருது.

— மறந்திருப்பாரு.

— அவர் கட்டின பாட்டு மாமா. அதோட அந்த வரி என் சுதி. அப்பா தலைகீழா நின்னாலும் அவர் தொண்டைக்கு எட்டாது. பாதி தூரம் போனாலே கரகரன்னு உடைஞ்சுடும். இது உடையலை. என்னமோ ஆயிடுச்சு, இழுன்னா இழு.

— மச்சான். மச்சான், பதில் சொல்லுங்க. ஏய், கயித்தைப் பிடி. கப்பியில சரியா ஓடுதான்னு பாரு.

— ஓடுது. இழு. அப்பா, அப்பா, கேக்குதா?

— பேச்சு வேண்டாம், மூச்சை இழுக்கறதுக்கு வச்சுக்கோ. ஒண்ணா இழுக்கணும். ம்... இழு. என்ன இந்தக் கனம் கனக்கறாரு, காலை ஊனி ஏறினா இப்படி இருக்காதே.

— தலை தெரியுது. தலை தொங்குது மாமா.

— பாக்காதே. இழு. அக்குள்ல கையைக் குடுத்துத் தூக்கு. தூக்கு கழுதை. அப்படித்தான். படுக்கப் போடு, நிழல்ல போடு.

— உதடு நீலமா இருக்கு.

— மூச்சு இருக்கா? கன்னத்தை வச்சுப் பாரு.

— இருக்கு. சன்னமா இருக்கு. அப்பா. அப்பா, கண்ணைத் திறங்கப்பா.

— ஆம்புலன்ஸுக்கு நான் போன் போடறேன். நீ சட்டையைத் தளத்தி விசிறு. அலோ... ஆமா, பழைய சோப்புக் கம்பெனி, பின்பக்க கேட்டு. தொட்டிக்குள்ள மயங்கிட்டாரு. மூச்சு இருக்கு. சீக்கிரம் வாங்க.

— இடுப்புல மீட்டர் இல்லை மாமா. வெறும் கொக்கிதான் இருக்கு.

— சேத்துல விழுந்து மூழ்கியிருக்கும். கோழிக்குஞ்சு முங்கிப் போச்சு, நான் கத்தலை கத்தலைன்னு தைரியமா உட்கார்ந்திருக்கேன். காத்து மெஷினையும் இந்தக் கையாலதான் நிறுத்தினேன். பாட்டுக் கேக்கணும்னு காத்தை நிறுத்தின கூட்டம் உலகத்துல நாம மட்டும்தான்.

— இமை அசையுது. மாமா, உதடு நிறம் மாறுது, இங்க பாரு.

— மச்சான், இப்ப பாடச் சொல்லலை, ஒரு முனகல் முனகுங்க போதும்.

— கடைசி மூச்சையெல்லாம் திரட்டி மேல் சுதியில பாடியிருக்காரு மாமா. எனக்கு உறைக்கணும்னு என் வரியை எடுத்துப் பாடியிருக்காரு. அந்தச் சுதிக்கு எப்படி ஏறினாரு? இவர் உசிரு போயிட்டிருக்கு, நான் மேலே உட்கார்ந்து வீராப்புப் பேசிட்டிருக்கேன்.

— அழாதே. கேட்டவ நீ. நான் தனியா இருந்திருந்தா நல்லாப் பாடறாருன்னு ரசிச்சுட்டு உட்கார்ந்திருப்பேன்.

— ஸ்தோத்திரம்...

— வந்துட்டாரு. அந்த ஒரு வார்த்தையே போதும் மச்சான். இந்த ஜென்மத்துல இனிமே அதைக் கேட்டு நான் அலுத்துக்க மாட்டேன்.

— தண்ணி.

— ஒரு வாய் மட்டும்ப்பா. மெதுவா. பேசாதீங்க, ஆம்புலன்ஸ் வருது.

— கண்ணு, எப்பம்மா மனசு மாறிச்சு?

— எதுக்குப்பா?

— ரெண்டாவது சரணத்தோட எனக்குக் கால் துவண்டு போச்சு. அப்படியே சேத்துல உட்கார்ந்துட்டேன். கயித்தை ஆட்டலாம்னா கை என் பேச்சைக் கேக்கலை. கத்தலாம்னு வாயைத் திறந்தா வெறும் காத்துதான் வருது. அன்னைக்கு அந்த மூணு பேரு முன்னாடி உனக்கு எப்படி இருந்திருக்கும்னு அப்பத்தான்மா தெரிஞ்சுது. சும்மா ஆகட்டும்மா ஆகட்டும்மான்னு சொல்லிட்டிருந்தேன்.

— அப்பா, போதும். அப்புறம் பேசலாம்.

— இரும்மா. சரி, அவ்வளவுதான்னு கண்ணை மூடறேன், தலைக்கு மேலேருந்து உன் வரி இறங்கி வருது. நான் கேள்வியே பாடலை, நீ பதிலைப் பாடிட்டே. கொஞ்சம் கூட அவசரம் இல்லை, கடைசி எழுத்து வரைக்கும் நிறுத்திப் பாடினே. என் பிள்ளை பாட ஆரம்பிச்சுட்டா, மூடி கிட்டயேதான் இருக்கா, இனிமே தூங்கக் கூடாதுன்னு அதைப் பிடிச்சுக்கிட்டேன். அது பாதியில நின்னிருந்தாக் கூட நான் போயிருப்பேன்.

— மச்சான், அது வந்து... நாங்க என்ன நினைச்சோம்னா...

— உனக்கு என்ன மாப்ளே, முகம் இப்படி வெளுத்துக் கிடக்கு? மயங்கினது நானா நீயா? ஏம்மா, நீ ஏன் அப்படிப் பாக்கறே? நல்லாத்தானே பாடினே.

— அப்பா, மேலே யாருமே பாடலை. அந்த வரியை நானும் மாமாவும் கீழேருந்துதான் கேட்டோம்.