கேட்டவ மேடு

இந்தக் கடலுக்கு வெள்ளைக்காரன் புதுசா இருந்த காலம்னு வச்சுக்குங்க. கோட்டை கொடியெல்லாம் அவனுக்கு இன்னும் வரல. கப்பல் மட்டுந்தான் வரும், போகும். அப்போ நம்ம புன்னங்குப்பத்துல காசாம்புன்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க வம்சமே அவ வழிதான். அதனால பேச்சுல அவ பக்கம் கொஞ்சம் சாஞ்சேன்னா பொறுத்துக்குங்க. சாயத்தான் செய்வேன்.

இங்கிலீசுக்காரனுக்கு நம்ம துணி மேல ஆசை. உள்நாட்டு நெசவு ஊருலேருந்து வெள்ளைத்துணியும் நீலத்துணியும் மூட்டை மூட்டையா மாட்டுவண்டியில கரைக்கு வரும். ஆனா கப்பல் கரைக்கு வராது. நம்ம அலை அப்படி. ஏழு கடல் தாண்டி வந்தவனுக்கு எங்க வாசல்ல இருக்குற மூணு அலையைத் தாண்டத் தெரியலையேன்னு நம்மாளுங்க சிரிப்பாங்களாம். அதனால அவன் தூரத்துலயே நங்கூரம் போட்டுட்டு பீரங்கி ஒன்னு வெடிப்பான். சத்தம் கேட்டா நம்மாளு ஒருத்தன் கட்டுமரத்தைத் தள்ளிகிட்டுப் போவான். போயி, கப்பல்ல ஏறி நின்னு, மணல் திட்டு இங்க, ஆழம் இங்கன்னு கையைக் காட்டி வழி சொல்லுவான். சொல்லிட்டு எறங்கி வந்துடுவான்.

அந்த வேலையில காசாம்பு புருசன் பக்கிரி கெட்டிக்காரன். பேச்சுக்காரனும் கூட. வெள்ளைக்காரனுக்கு ஒரு சொல்லு புரியாது, இவன் பாட்டுக்கு நம்ம தமிழ்லயே பேசி வேலையை முடிச்சுட்டு வருவானாம்.

ஒரு ஐப்பசியில கப்பல் ஒன்னு பருவம் தப்பி வந்துச்சு. வாடைக்காத்து திரும்பி கடல் கெடுற நேரம். போகாதன்னு ஊர்ல சொன்னாங்க. போனானாம். கைக்கொழந்தை தங்காயியை இடுப்புல வச்சுகிட்டு காசாம்பு கரையில நின்னு பாத்தா. கட்டுமரத்தைக் கப்பல் பக்கத்துல கட்டுனதைப் பாத்தா. அவன் நூலேணி புடிச்சு ஏறுனதைப் பாத்தா. ஏறி நின்னு திரும்பிப் பாத்ததையும் பாத்தா. அப்புறம் மழை வந்து எல்லாத்தையும் மறைச்சுடுச்சு. மழை விட்டப்போ கப்பலைக் காணோம். மறுநாள் காலையில கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்குச்சாம். ஆளில்லாம.

ஊரு என்ன சொல்லும்? "காத்து வந்ததும் எறங்கியிருப்பான். அலை அடிச்சுகிட்டுப் போயிருக்கும். பாவம்"ன்னு சொல்லுச்சு.

காசாம்பு அந்த மரத்துகிட்ட போயி கயித்து நுனியைத் தூக்கிப் பாத்தா.

"இது அறுந்த கயிறு இல்ல, வெட்டுன கயிறு. அறுந்திருந்தா நுனி பிரிஞ்சு கெடக்கும். காத்துக்குப் பயந்து கப்பக்காரன் வெட்டி விட்டுட்டான். எங்க வூட்டுக்காரு மேல இருக்கும்போதே வெட்டியிருக்கான். அவுரை ஏத்திகிட்டே போயிட்டான்."

கேக்க யாருக்கும் மனசு இல்ல. ஏன்னா நம்ம ஊரு வழக்கம் வேற. கடலுக்குப் போனவன் திரும்பலன்னா ஒரு அமாவாசை பாப்பாங்க. அதுக்குள்ள வரலன்னா வைக்கோல்ல உருவம் பண்ணி, அவன் வேட்டியைச் சுத்தி, கரையில வச்சுக் கொளுத்துவாங்க. பொண்டாட்டி தாலியை அறுத்துக் கடல்ல விடுவாங்க. எல்லாரும் தலை முழுவிட்டு வீட்டுக்குப் போவாங்க. இல்லன்னா செத்தவன் அலையிலயே நிப்பான், மீன் படாதுன்னு பயம்.

அமாவாசை வந்துச்சு. வைக்கோல் உருவமும் தயாரா கெடந்துச்சு. காசாம்பு வரமாட்டேன்னுட்டா. ஊருக்குத் தலைவரு, நாட்டாரே வந்து கூப்பிட்டாராம். நாட்டாரு கெட்டவரு இல்ல. ஊருக்குப் பயந்தவரு, கடலுக்கு அதைவிடப் பயந்தவரு.

"இந்தா பாரும்மா. நீ சுமங்கலின்னா உம் புருசனைக் காட்டு. இல்லையா, தாலியைக் கழட்டு. ரெண்டும் மாட்டேன்னா உன்னை நல்லதுக்கும் கூப்பிட முடியாது, கெட்டதுக்கும் கூப்பிட முடியாது."

"கூப்பிடாதீங்க நாட்டாரே"ன்னாளாம்.

சொல்லிட்டா. சொல்றது சுலுவு. வாழ்ந்து பாக்கணும்ல. ஊர்ல கண்ணாலம்னா மேளச்சத்தம் அவ குடிசை வரைக்கும் வரும், அழைப்பு வராது. எழவுன்னாலும் அப்படித்தான். கருவாடு காய வைக்கிற எடத்துல அவ வந்தா பேச்சு நின்னுபோவும். அவ போன பின்னாடி திரும்ப ஆரம்பிக்கும். மீன் படாத நாள்லாம் அவ தலையில விழும். யாரும் அவளைத் திட்டலையாம். திட்டியிருந்தாலாவது திருப்பித் திட்டியிருப்பா.

தங்காயி பெரியவளானப்போ மஞ்சள் அரைச்சு, பாய் விரிச்சு, உச்சி வரைக்கும் காசாம்பு வாசலைப் பாத்துகிட்டு இருந்தாளாம். நாலு சுமங்கலி வந்து தண்ணி ஊத்தணும். ஒருத்தி வரல. கடைசியில அவளே செம்பு எடுத்து ஒரு தடவை ஊத்துனா. இந்தப் பக்கம் வந்து நின்னு இன்னொரு தடவை ஊத்துனா. நாலு பேருக்கும் அவளே ஊத்துனாளாம். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு என்ன ஊருடா நம்ம ஊருன்னு இருக்கும்.

ஆனா அவ வீட்டுலயே முடங்கிக் கெடக்கல. கப்பல் பருவம் வந்தா தெக்கால இருக்குற மணல் மேட்டுல ஏறி நின்னுகிட்டு பாய் தெரியுதான்னு பாப்பா. கேக்கணும், யாரைக் கேட்டாவது தெரிஞ்சுக்கணும். அதுக்குக் கப்பல் வரைக்கும் தன்னைக் கூட்டிகிட்டுப் போகச் சொல்லி ஆம்பளைங்களைக் கேட்டா. ஒருத்தனும் அசையல. கட்டுமரத்துல பொம்பள கால் வைக்கக் கூடாது, கடலம்மா பொறுக்கமாட்டான்னாங்க.

"கடலம்மாவும் பொம்பளதானே. நான் சொல்லிக்குறேன்"ன்னுட்டு, ஒதுங்கி வந்துச்சே பக்கிரியோட மரம், அதை அவளே இழுத்துகிட்டு வந்து, கட்டையைச் சேத்துக் கட்டி, அலையில எறக்குனாளாம். மொத அலை அவளைத் தூக்கிக் கரையில போட்டுச்சு. எழுந்து திரும்பப் போனா. திரும்பவும் போட்டுச்சு. ஊரே நின்னு வேடிக்கை பாத்துச்சாம். பொழுது சாயறதுக்குள்ள மூணு அலையையும் தாண்டிட்டா.

கப்பலுக்குக் கீழ நின்னுகிட்டு, "பக்கிரி, பக்கிரி"ன்னு கூப்பிட்டாளாம். மேல இருந்தவங்க பிச்சைக்காரின்னு நெனச்சு காஞ்ச ரொட்டியை வீசுனாங்களாம். அதைப் பொறுக்கி அவங்க மேலயே திருப்பி வீசுனாளாம். அடுத்த பருவமும் போனா. அதுக்கடுத்த பருவமும் போனா. ஒவ்வொரு கப்பலையும் கேட்டா. போகப் போக கப்பக்காரனுங்களுக்கு அவ பழகிட்டா. கட்டுமரத்தைத் தூரத்துல பாத்ததுமே, அவ வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடியே, இல்லன்னு தலையை ஆட்டிடுவாங்களாம். அப்பவும் கேட்டுட்டுத்தான் திரும்புவா.

இப்படியே தங்காயி வளந்து கண்ணால வயசுக்கு வந்துட்டா. ஒரு பருவம் வந்த கப்பல்ல நம்ம பரங்கிப்பேட்டை மரைக்காயர் ஒருத்தர் வேலை செஞ்சாராம். தமிழ்ச் சத்தம் கேட்டு ஓடி வந்து எட்டிப் பாத்தவரு, பக்கிரிங்குற பேரைத் திரும்பச் சொல்லச் சொன்னாரு. அப்புறம் நூலேணியில பாதி எறங்கி வந்து உக்காந்தாரு.

"தங்காயியோட ஆத்தாவா நீ?"

மகளோட பேரைக் கேட்டதும் காசாம்பு துடுப்பைப் போட்டுட்டு நூலேணியைப் புடிச்சுகிட்டா.

"காத்து வந்ததும் கப்பித்தான் கயித்தை வெட்டிட்டான் தங்கச்சி. குதிக்கப் போனவனைப் புடிச்சு வச்சுகிட்டானுங்க. அவங்களுக்கு வழி சொல்ல ஆளு வேணும்ல. கடல் தாண்டி கெழக்கால இருக்குற சாவா தேசத்துக்கு மிளகு ஏத்தப் போச்சு கப்பல். நான் அங்கதான் அவனைப் பாத்தேன், அப்புறம் ஒரே கப்பல்ல வேலை செஞ்சோம். எந்தக் கப்பல் வடக்கே பாய் விரிச்சாலும் எங்க ஊருப் பக்கம் போவுமான்னு கேப்பான். ஒன்னும் போவாது. ரெண்டாம் வருசம் காய்ச்சல் வந்துச்சு. கித்தான் துணியில தைச்சு கடல்ல எறக்கிட்டோம். நான்தான் கால் பக்கம் புடிச்சேன்."

மரைக்காயர் இன்னும் ரெண்டு படி எறங்கி வந்தாரு.

"ஊர்ல உன்னைச் செத்தவன்னு முடிவு கட்டியிருப்பாங்களேன்னு நான் கேட்டேன். அதுக்கு அவன், நான் ஏறுனதை எம் பொண்டாட்டி பாத்துகிட்டு நின்னா, அவளுக்குத் தெரியும்னான். கடைசி வரைக்கும் அதையேதான் சொல்லிகிட்டு இருந்தான்."

காசாம்பு கரைக்குத் திரும்புனா. வழக்கத்தைவிட நேரம் ஆச்சேன்னு ஊரு கரையில கூடியிருந்துச்சாம். அலைக்கு இந்தப் பக்கம் வந்தவ, கரை ஏறாம முழங்கால் தண்ணியிலயே நின்னா. நாட்டாரு தள்ளாத வயசுல கோலை ஊனிகிட்டு வந்து, "என்னம்மா?"ன்னாரு.

"எங்க வூட்டுக்காரு செத்துட்டாரு நாட்டாரே. ஆனா நீங்க வைக்கோல் கட்டி வச்சிருந்தீங்களே, அன்னைக்கு அவுரு உசுரோட இருந்தாரு. அவுரு உசுரோட இருக்குறது எனக்குத் தெரியும்னு சொல்லிகிட்டு இருந்தாரு."



தாலியை அவளே கழட்டி, கையில வச்சுகிட்டு நின்னாளாம். "இப்ப நான் அழணும். இத்தனை வருசமா அழல. அழுதா அவுரு செத்ததா ஆயிடுமேன்னு அழல. இப்ப தனியா அழ எனக்குத் தெம்பில்ல. யாராவது வாங்களேன்."

மொதல்ல எறங்கி வந்தது நாட்டாரோட பொண்டாட்டியாம். சேலை நனைய நனைய வந்து காசாம்பு கழுத்தைக் கட்டிகிட்டா. அப்புறம் ஒருத்தி, அப்புறம் ஒருத்தி. தங்காயிக்குத் தண்ணி ஊத்த வராதவளுங்க எல்லாரும் தண்ணியில நின்னு அழுதாளுங்களாம். அவளுங்க பக்கிரிக்கு அழுதாளுங்களா, காசாம்புக்கு அழுதாளுங்களா, அது எனக்குத் தெரியாது.

அன்னைக்குக் கரையிலயே நாட்டாரு ஒரு கட்டு போட்டாரு. கடலுக்குப் போனவன் செத்தான்னு ஊரு சொல்லக் கூடாது, நாட்டாரும் சொல்லக் கூடாது. பொண்டாட்டி சொல்லணும். அவ சொல்ற வரைக்கும் ஊர்ல எந்த நல்லதுன்னாலும் மொத மஞ்சள் அவளுக்குத்தான். அவ நின்ன மணல் மேட்டுக்குக் கேட்டவ மேடுன்னு பேரு வந்ததும் அதுலேருந்துதான்.

போன பெரும்புயலுக்கு, மீன் புடிக்கப் போன நம்ம ஊரு போட்டு ஒன்னு திரும்பல, அதுல போனவனும் திரும்பல. நிவாரணம் குடுக்க ஆபீசருங்க வந்தாங்க. நல்ல மனுசனுங்க, தப்பு சொல்லக் கூடாது. போனவனோட பொண்டாட்டி வீட்டு வாசல்ல நின்னுகிட்டு, "உங்க ஊர்க்காரர் இறந்துட்டாருன்னு எழுதிக்கலாமா?"ன்னு எங்ககிட்ட கேட்டாங்க. கூடியிருந்த அத்தனை பேரும் ஒரே பேச்சாத்தான் சொன்னோம்.

"அவ இன்னும் சொல்லலீங்க."