மனத்தாங்கல் இல்லீங்க

உக்கடத்தில் நான் ஏறிய பொள்ளாச்சி பஸ்ஸில், முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அந்த அம்மாள் மடியில் டிபன் கேரியர்.

“எங்கக்கா மேல எனக்கு மனத்தாங்கலே இல்லீங்க. ஆனா அவ ஊட்டுக்குள்ள மட்டும் கால் வெக்க மாட்டேன்.”

கணவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “மூட்டு ஆபரேசன் பண்ணிப் படுத்திருக்கறவளப் பாக்கப் போறோம். வாசல்லயே நிக்கறதுக்கு நீ எதுக்கு வாரே?”

“நீங்க போயிச் சோத்தக் குடுத்துப்போட்டு வாங்க. மனத்தாங்கல் இருந்தாச் சண்டை போட்டிருப்பனல்லங்க? அவ புள்ளைக்கு நிச்சயம் பண்ணுனத எனக்குச் சொல்லவேயில்ல. நான் ஒரு வார்த்தை கேட்டனா?”

“கேக்காம மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருக்கறதுக்குப் பேருதான் அம்மணி மனத்தாங்கல். உன்ற வாயில மாட்டி அந்த வார்த்தைக்கு அர்த்தமே மாறிப்போச்சு.”

அவளுடைய போன் அடித்தது. அக்காதான்.

“வந்துட்டிருக்கறோம்க்கா. மனத்தாங்கலா? எனக்கென்ன…” என்றவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “இருக்குதுக்கா. கூடப் பொறந்தவ நான். ஊர்க்காரங்க சொல்லியா எனக்குத் தெரியோணும்?”

ஒத்தக்கால்மண்டபம் தாண்டியும் அவள் அக்காவைத் திட்டி ஓயவில்லை. திட்டுக்கு நடுவே, மாத்திரை போட்டாயா என்றும் கேட்டுக்கொண்டாள்.

கிணத்துக்கடவு வந்ததும் கணவர் கேரியரை வாங்கிக்கொண்டார்.

“எறங்கு அம்மணி. மிச்சத்த உள்ள போயி, அவ பக்கத்துல உக்காந்து திட்டு.”