பக்கத்தின் அடியில் ஒரு தேதி

நான்கு நிமிடத் தாமதத்தோடு தொடங்கினாலும் நாள் முழுதும் நினைவில் நிற்கும் நற்சொற்களால் இந்த அவையை நிறைத்த தலைவர் அவர்களே, நமது கணினி நிரல்மொழியின் மூலநிரலில் முதல் வரியை எழுதிய மூத்தோரே, வீட்டையும் அலுவலையும் முடித்துவிட்டு மிஞ்சுகிற கொஞ்ச நேரத்தையும் நமக்கே கொடுத்து, நம் விளக்கக் குறிப்புகளை வரிவரியாகப் படித்துத் திருத்தி அனுப்பும் தாய்மார்களே, கூலி கேளாமல் உழைக்கும் தோழர்களே, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் நண்பர்களே, உங்கள் அனைவரையும் இரு கை கூப்பி வணங்குகிறேன்.

இன்று இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு, செப்டம்பர்த் திங்கள் பதினைந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. பின்னால் சிரிப்பது யார் என்று தெரிகிறது. எனக்குக் ‘காலண்டர்’ என்று பெயர் வைத்தவர்களே நீங்கள்தாமே. சிரியுங்கள். சற்று நேரத்தில் அந்தச் சிரிப்பு தானே அடங்கிவிடும்.

தலைவர் இரண்டு செய்திகளைச் சொன்னார். எழுத்துப்பிழை திருத்தும் குழுவுக்கு இன்னும் மூன்றாண்டு நானே பொறுப்பாளராக இருக்க வேண்டும் என்பது ஒன்று. ஒன்பதாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு திருத்தங்களைச் செய்தவன் என்று எனக்கொரு கேடயம் என்பது மற்றொன்று. மன்னிக்க வேண்டும் தலைவரே, எண் தவறு. ஒன்பதாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று. ஒன்றை நானே திரும்பப் பெற்றுக்கொண்டேன். அந்த ஒன்றைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். கேட்டு முடித்த பிறகும் கேடயம் கொடுக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். நான் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

நம்மவர்களோடு வந்திருக்கும் குடும்பத்தாருக்காக ஒரு சொல். கணினிக்கு வேலை சொல்கிறவர், ஒரு கட்டளையைக் கையாளும் முன் எதைப் படிக்கிறார்? அந்தக் கட்டளையின் தலைமேல், மூலநிரலுக்கு உள்ளேயே எழுதி வைத்திருக்கும் விளக்கக் குறிப்பைப் படிக்கிறார். இந்தக் கட்டளை என்ன செய்யும், என்ன செய்யாது, எந்த இடத்தில் கைவிட்டுவிடும் என்று அது சொல்லும். அந்தக் குறிப்பே இணையத்தில் விளக்கப் பக்கமாகவும் வெளிவரும். அதை எழுதியவர்கள் அறிவாளிகள். ஆனால் அவசரக்காரர்கள். றகரம் நிற்க வேண்டிய இடத்தில் ரகரம் வந்து உட்காரும். ழகரத்தின் வீட்டில் ளகரம் குடியிருக்கும். அவற்றைத் தேடித் திருத்துவது எங்கள் வேலை.

நான் முப்பத்தோராண்டு பேருந்துக் கால அட்டவணை தயாரித்தவன். ஐந்து நாற்பது என்பது ஐந்து ஐம்பது என்று அச்சாகிவிட்டால், ஒரு குடும்பம் பெட்டியும் பையுமாக நிறுத்தத்தில் நின்று ஏமாறும் என்பதைக் கண்ணால் கண்டவன். ஆகவே பிழை என்றால் பொறுக்க மாட்டேன். என் மனைவி சொல்வார்: “உலகத்துல இருக்கறவங்க எழுதினதையெல்லாம் உக்காந்து திருத்துறீங்க. நம்ம குளியலறைக் குழாய் ஒழுக ஆரம்பிச்சு ஆறு மாசமாச்சு.” ஏழு மாதம் என்று அதையும் திருத்துவேன்.

இரண்டு பெருமைகள் எனக்கு இருந்தன. இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டு ஜனவரி முதல் நாள், வெள்ளிக்கிழமையன்று, இரண்டையும் இதே மேடையில் முன்மொழிந்தேன். ஒவ்வொரு விளக்கப் பக்கத்தின் அடியிலும் ‘கடைசியாகத் திருத்தப்பட்ட நாள்’ என்று ஒரு தேதி இருக்க வேண்டும் என்றேன். புதிதாக வருகிறவர்கள் எழுத்துப்பிழையை மட்டுமே திருத்தலாம், கருத்தைத் தொட வேண்டுமானால் மூத்த உறுப்பினர் ஒருவரின் ஒப்புதலோடு வர வேண்டும் என்றேன். நீங்கள் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலில் நான் இரண்டங்குலம் வளர்ந்தேன்.

இவ்வாண்டு மார்ச் பதினொன்றாம் நாள், திங்கட்கிழமை. ஓர் இரத்த வங்கியின் ஆய்வகத்தில் பணிபுரியும் அம்மையார் ஒருவர், செய்தி அனுப்பும் கட்டளையின் பக்கத்துக்கு மூன்று திருத்தங்கள் அனுப்பினார். குளிர்பெட்டியில் வெப்பம் ஏறினால் பணியில் இருப்பவரின் தொலைபேசிக்குச் செய்தி போகும்படி அவர் ஒரு நிரல் எழுதியிருந்தார். நம் பக்கம் என்ன சொன்னது? ‘இணைப்பு அறுந்தால் இந்தக் கட்டளை தானாகவே மூன்று முறை முயற்சி செய்யும்’ என்று சொன்னது. அவர் நம்பினாரா? நம்பவில்லை. இணைப்புக் கம்பியைத் தன் கையாலேயே பிடுங்கிவிட்டுக் காத்திருந்தார். செய்தி போகவில்லை. மூன்று முறை என்ன, மறுமுறைகூட முயலவில்லை. அந்த வசதியை நம் பொறியாளர்கள் முந்தின ஆண்டே எடுத்துவிட்டார்கள். விளக்கத்தை எடுக்க மறந்துவிட்டார்கள்.

அவர் அனுப்பிய மூன்றில் இரண்டு, எழுத்துப்பிழைகள். ‘முயற்சி’யில் ஒன்று, ‘அறுந்தால்’ என்பதில் ஒன்று. மூன்றாவது, அந்த வாக்கியமே பொய், நீக்குங்கள் என்பது.

நான் என்ன செய்தேன், சபையோரே? இரண்டு எழுத்துகளையும் ஏற்றேன். நன்றி எழுதினேன். மூன்றாவதை, ‘இது எழுத்துப்பிழை அன்று, பிரிவு மாறி வந்துள்ளது’ என்று திருப்பி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: “ஐயா, அந்த வரியே தப்புங்க. எழுத்த மட்டும் சரி பண்ணி என்ன ஆகப் போகுது?” மூத்த உறுப்பினர் ஒருவர் வழியாக வாருங்கள் என்று விதியைச் சொன்னேன். அதற்கும் பதில் வந்தது: “எனக்கு மூத்த உறுப்பினர் யாரையும் தெரியாதுங்களே ஐயா.”

அந்த வரிக்கு நான் பதில் எழுதவில்லை. பக்கத்தின் அடியில் புதிய தேதி விழுந்ததா என்று மட்டும் பார்த்தேன். விழுந்திருந்தது. நிம்மதியாக எழுந்து போனேன்.

நூற்றுப் பதினேழு நாள் கழிந்தது. ஜூலை ஆறு, சனிக்கிழமை. ஒரு மருந்துக் கிடங்கின் பொறுப்பாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அவரும் அதே கட்டளையை நம்பிக் குளிர்பெட்டிக்கு நிரல் எழுதியவர். பெட்டி பழுதான வேளையில் இணைப்பும் அறுந்தது. செய்தி வரவில்லை. இருநூற்றுப் பதினான்கு குப்பி இன்சுலின் கெட்டது. அந்த வாரம் நாற்பத்தொரு பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அடங்கிய குரலில் சொன்னார்: “பக்கத்துக்கு அடியில மார்ச் பதினொண்ணுன்னு தேதி இருந்துது. தேடிப் பாத்தாலும் ஒரு எழுத்துத் தப்பு இல்ல. இவ்வளவு கவனமா பாத்தவங்க விஷயத்தையும் பாத்திருப்பாங்கன்னு நம்பிட்டேன் ஐயா.”

சிரிப்பு நின்றுவிட்டது. நன்றி.

பிழையோடு கிடந்தபோது அந்தப் பொய்யைப் பார்த்தவர்கள் ஐயப்பட்டிருப்பார்கள். நான் அதைக் குளிப்பாட்டினேன். தலைவாரிவிட்டேன். புதுச் சட்டை போட்டு, சட்டைப் பையில் ஒரு தேதியையும் செருகி, போய் வா என்று ஊருக்குள் அனுப்பினேன். பொய்யைப் பிழையில்லாமல் எழுதி வைத்தவன் நான். தொலைபேசி வந்த அன்றே அந்த வாக்கியத்தை நீக்கினேன். என் கணக்கிலிருந்து ஒரு திருத்தத்தையும் நீக்கினேன். நாற்பத்தொரு பேரை எப்படி நீக்குவது?

அவர்களில் ஒருவர் சரக்கு வண்டி ஓட்டுநர். மருந்து கிடைக்காமல் மயங்கி விழுந்து நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தார். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியபின் விழுந்தது நம் நல்வினை. ஜூலை ஒன்பதாம் நாள், நோயாளிகளின் கூடத்தில், பதினேழாம் எண் படுக்கையருகே நின்று நடந்ததையெல்லாம் சொன்னேன். றகரம், ரகரம், பிரிவு, விதி, தேதி, எல்லாம். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “எனக்குக் கம்ப்யூட்டர் பத்தி ஒண்ணும் தெரியாது சார். வண்டியக் கழுவித் துடைச்சு நிறுத்திட்டீங்க, பிரேக் இருக்கான்னு பாக்கல. அப்படித்தானே?”

அப்படித்தான் என்றேன்.

“பாக்கறேன்னு வந்தவங்களையும் கேட்லயே நிறுத்திட்டீங்க,” என்றார்.

அதுவும் அப்படித்தான் என்றேன். உட்காரச் சொன்னார். மேசையில் இருந்த சாத்துக்குடியில் ஒன்றை என் கையில் கொடுத்தார்.

அவையோரே, எழுத்துப்பிழை திருத்துவது அற்ப வேலை என்று நான் சொல்லவில்லை. என்றும் சொல்ல மாட்டேன். எழுத்தைத் தேடி வருகிறவர்தான் வரியைப் படிக்கிறார். வரியைப் படிக்கிறவர்தான் பொய்யைக் காண்கிறார். அப்படிக் கண்டவரிடம், உனக்கு எழுத்து மட்டும்தான், உண்மை எங்களுக்கு என்று சொல்ல நாம் யார்? ஒப்புதல் கேட்ட விதி யாரைக் காத்தது? படிக்கிறவரைக் காத்ததா, பதவியில் இருந்தவரைக் காத்ததா?

இன்று காலை ஒன்பது நாற்பதுக்கு நான் ஒரு மாற்றத்தை அனுப்பியிருக்கிறேன். இனி ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டு தேதிகள். ‘எழுத்தைப் பார்த்த நாள்’ ஒன்று. ‘செய்து பார்த்த நாள்’ மற்றொன்று. செய்தி அனுப்பும் கட்டளையின் பக்கத்தில் முதல் தேதியை நான் நிரப்பிவிட்டேன். இரண்டாவது வெறுமையாக இருக்கிறது. அதை நிரப்பும் தகுதி எனக்கில்லை. கம்பியைப் பிடுங்கிப் பார்த்தவருக்கு இருக்கிறது.

அவர் இங்கே மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அழைத்தபோது ஒரே நிபந்தனை விதித்தார்: “மேடைக்கெல்லாம் கூப்பிடக் கூடாதுங்க.” கூப்பிட மாட்டேன் அம்மா. திரும்பிப் பார்க்காதீர்கள், நண்பர்களே, அவருக்குச் சங்கடம்.

என் வேண்டுகோள் இது. நான் கொண்டுவந்த விதியை நீக்குங்கள். என் பொறுப்பை அந்த அம்மையாரிடம் கொடுங்கள். ஏற்கிறவர்கள் கை உயர்த்துங்கள். உயர்த்தியே வைத்திருங்கள், நான் எண்ண வேண்டும்.

நூற்று அறுபத்து மூன்று. தலைவரே, தங்கள் கையும் சேர்த்துத்தான். சுவரோரம் ஒரு கை இறங்கியே இருக்கிறது. அதையும் குறித்துக்கொண்டேன். அவர் காரணத்தைப் பிறகு கேட்போம். இம்முறை பதில் எழுதுவேன்.

அம்மா, மார்ச் பதினொன்றாம் நாள் நீங்கள் எழுதிய வரிக்கு நூற்று எண்பத்தெட்டு நாள் கழித்துப் பதில் சொல்கிறேன். மூத்த உறுப்பினர் யாரையும் தெரியாது என்றீர்கள். இனி யாருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தேதியைப் போடுங்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், கை உயர்த்திய அனைவருக்கும், உயர்த்தாத ஒருவருக்கும், நான்கு நிமிடத்தை எனக்காக மீட்டுக் கொடுத்த தலைவருக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்.