மெழுகு பூசிய விரிசல்

தலைமை நாற்காலியில் அமர்ந்திருக்கும் துய்லியோ அவர்களே! அருகில் வீற்றிருக்கும் பங்குச் சாமி அவர்களே! வெண்பளிங்கு வெட்டும் மலைக்கு விரல்களைக் காணிக்கை தந்த பெரியவர்களே! மலையில் விபத்துக் கொம்பு ஊதினால் மாவுக் கையோடு வாசலுக்கு ஓடிய தாய்மார்களே! இந்தச் சிலையைச் செதுக்கிய நம் ஊர் மகள் இலாரியாவே! ஒரேஸ்தேயின் மனைவி அர்ஜெந்தினாவின் வணக்கம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நாளை காலை நம் குழந்தைகள் முதல் நற்கருணைக்கு நுழையும் கோயில் வாசலுக்கு மேல் இந்தக் கல்லை ஏற்றப்போகிறீர்கள்.

என்ன சிலை இது? முகம் உண்டா? முள்முடி உண்டா? வெள்ளைப் பாளத்தின் நடுவே, குனிந்தவன் முதுகளவு ஒரு பள்ளம், அவ்வளவுதான். "இதென்ன சாமியா, ரொட்டி சுடுற அடுப்பா?" என்று கேட்டாள் பெப்பீனா. தலையைக் குனியாதே பெப்பீனா, நான் எதையும் மறப்பதில்லை. இலாரியா கோபப்படவில்லை.

"மலைக்குப் போய்த் திரும்பாதவங்களுக்கு எடம் விட்டிருக்கேன், அத்தை. சாமியும் அங்கதான் இருக்கார்."

பள்ளத்தில் கை வைத்தேன். என் ஒரேஸ்தேயின் முதுகு தட்டுப்பட்டது.

அந்தக் கல்லின் மேல்மூலையில் மயிரிழையாய் ஒரு விரிசல். தண்ணீர் ஊற்றினால் கல்லெல்லாம் காய்ந்த பின்னும் அந்த இழை மட்டும் ஈரமாய் நிற்கும். இலாரியா அதை மறைக்கவில்லை. தரையில் வையுங்கள், தூக்காதீர்கள் என்றாள். விழாக் குழு என்ன செய்தது? சாமி கல்லில் கீறல் தெரியலாமா என்று மெழுகும் கல்மாவும் குழைத்து அடைத்து, பளபளவென்று தேய்த்துவிட்டது. பழகிய கை! இந்த ஊரில் விற்கும் கல்லின் விரிசலை இப்படி அடைக்காத வீடு எது? அன்று அடைத்த கல் கப்பலேறிப் போனது. இன்று அடைத்த கல் நம் பிள்ளைகள் தலைக்கு மேல் ஏறுகிறது!

பின்வரிசையில் என்ன முணுமுணுப்பு? சீக்கிரம் முடிக்கவா? முடிக்கிறேன் ஐயா. கல் விழுந்த பிறகு பேச எனக்கு ஆசையில்லை.

துய்லியோ, உன் தகப்பன் அத்தீலியோ அன்று கல்குவாரி மேஸ்திரி. ஒரேஸ்தே சுத்தியலால் பாறையைத் தட்டினார். நல்ல கல் மணிபோல் பாடும். அது பாடவில்லை. "கல்லு பாடல, மேஸ்திரி" என்றார். உன் தகப்பன் சொன்னது இது:

"பாட்டுக் கேக்க கல்யாண வீட்டுக்கா வந்தே? கீழ எறங்குடா."

இறங்கினார். நான் கஷ்கொட்டை மாவு பிசைந்துகொண்டிருந்தேன். நேரம் தவறிக் கொம்பு ஊதியது. ஒரேஸ்தே திரும்பவில்லை. மேஸ்திரியை மன்னித்துவிடு என்றார் பங்குச் சாமி. சாமி, இன்றும் மன்னிக்கவில்லை.

ஆனால் துய்லியோ, உன்னிடம் கேட்பது பழியல்ல. இதோ சுத்தியல். எழுந்து வா. எல்லார் காதுக்கும் கேட்கத் தட்டு.

தாய்மார்களே, பேச்சை நிறுத்துங்கள்.

...கேட்டதா? மணியா அது? கீறல் விட்ட மண்பானை! மெழுகு கண்ணை ஏமாற்றும், காதை ஏமாற்றுமா? ஆண்டவன் வழவழப்பிலா இருக்கிறார்? அடைக்காத அந்த விரிசலில் அல்லவா இருந்தார்!

என்ன சொன்னாய் துய்லியோ? உரக்கச் சொல், கடைசி வரிசைக்கும் கேட்கட்டும்.

"தரையிலயே வைங்க. மெழுகைச் சுரண்டிடுங்க."

இந்த வார்த்தையை உன் தகப்பன் வாயிலிருந்து கேட்கக் காத்திருந்தேன். உன் வாயிலிருந்து வந்தது. அதையும் மறக்கமாட்டேன்.

பொறுத்துக் கேட்ட பெரியவர்களுக்கு நன்றி. நாளை பிள்ளைகளின் கையைப் பிடித்து அச்சமின்றி உள்ளே வாருங்கள், தாய்மார்களே. வணக்கம்.