மெனுவில் கொஞ்சம் இடைவெளி

அமெரிக்காவில், மில்பிடாஸ் தோசைக்கடை வரிசையில் எனக்கு முன்னால், கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு இரண்டு பேர் நின்றார்கள்.

“எங்கப்பா கட்சி மாறிட்டார்னே நெனச்சேன்டா. ஊர்லேர்ந்து வந்ததுலேர்ந்து எதிர்க்கட்சி பேப்பரையே நெட்ல படிக்கிறார்.”

“அப்புறம்?”

“நேத்து பின்னாடி நின்னு பாத்தேன். பிரவுசர் மெனுல அவரோட கட்சிப் பேப்பரும் அதுக்குக் கீழ இதுவும் ஒட்டி இருக்கு. கை நடுங்குது, கீழ இருக்கறது க்ளிக் ஆயிடுது. யார்கிட்டயும் சொல்லாம அதையே படிச்சிருக்கார். மெனுல நடுவுல கேப் ஜாஸ்தி பண்ணி விட்டேன். இப்ப கரெக்டா ஓப்பன் பண்றார்.”

“கை நடுங்கறதப் பத்திக் கேட்டியா?”

“இல்லடா. மௌஸ் ப்ராப்ளம், சரி பண்ணிட்டேன்னு சொன்னேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“ஆமாப்பா, மௌஸ்தான்னார்.”