ஆல்டோ மட்டும்

என் நாட்குறிப்பில் உள்ளபடி: செவ்வாய்க்கிழமை, காலை 9.14 மும்பை லோக்கல் ரயில், பெண்கள் பெட்டி. செம்பூரில் நான் ஏறியபோது, எதிர் இருக்கையில் ஒரு மூத்த பெண் பக்கத்திலிருந்தவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“முப்பது வருஷம் சர்ச் கொயர்ல நின்னும் எனக்கு ஒரு பாட்டும் ஒழுங்காப் பாட வராது, மேரி.”

“என்னக்கா சொல்லுதிய?”

“எனக்குக் கீழ்க்குரல், ஆல்டோல்லா. பாட்டோட ராகத்தைப் பாட மத்தவங்க இருந்தாங்க. தாராவில எங்க வீடுகள இடிச்ச பொறவு ஆளுக்கொரு பக்கம் போயாச்சு. இப்ப மான்குர்த் ரூம்ல தனியா ஜெபத்துக்கு உக்காந்து பாடுனா, ஒப்பாரி மாதிரி கேக்கு.”

“அங்க சர்ச் இல்லியா?”

“இருக்கு. காய்ச்சல்ல மூணு ஞாயிறு போவல. ஒருத்தரும் ஏன்னு கேக்கல.”

“சுனாபட்டில எங்க வீட்ல சனிக்கெழம நாலு பேர் ஜெபத்துக்குக் கூடுதோம். நாலு பேரும் ஒரே ராகம், ஒரே கத்து; கீழ்க்குரலுக்கு ஆளில்ல. நீங்களும் வாங்க.”

மேரி ஒரு கீர்த்தனையை மெல்ல முனகினார். இரண்டாம் அடியில் மூத்தவர் கீழ்க்குரலில் சேர்ந்துகொண்டார். குர்லாவில் கூட்டம் ஏறும்வரை பாடினார்கள்.

சுனாபட்டியில் இறங்கும்போது மேரி, “சனிக்கெழம?” என்று கேட்டார். மூத்தவரின் பதிலை “வாரேன்” என்று எழுதி வைத்திருக்கிறேன். ரயில் சத்தத்தில் அது “பாக்கேன்” என்றும் இருந்திருக்கலாம். உறுதி செய்ய முடியவில்லை.